கிழங்குக் காட்டில் வைத்த கூண்டு

நீலகிரியில் எமரால்டு பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அந்த வருஷம் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். செடி பூப்பதற்குள் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால், யாரோ மண்வெட்டியால் தாறுமாறாகக் கொத்திப் போட்டதுபோல் பாத்திகள் கிடக்கும். தின்றதைவிடக் கிளறிப் பாழாக்கியதுதான் அதிகம். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினோம், தகரம் தட்டினோம், பட்டாசு வெடித்தோம். கொஞ்ச நாள் பயந்தன. அப்புறம் வெடிச் சத்தத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கின.

என் கணவர் வனத்துறைக்கு மனுக் கொடுத்தார். நாமாகப் பன்றியைத் தொட்டால் கேஸ். அவர்கள் சுடுவதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டுமாம், அதுவரை கூண்டு வைக்கிறோம் என்றார்கள். கூண்டு வந்து சேருவதற்குள் பாதிக் கிழங்குக் காடு போயிருந்தது. உள்ளே அழுகல் கிழங்கும் மக்காச்சோளமும் போட்டு வைத்தோம். முதலில் ஒரு முள்ளம்பன்றி சிக்கியது. அடுத்து எங்கள் நாயே போய் மாட்டிக்கொண்டது. பன்றிகளோ கூண்டைச் சுற்றி நடந்து போயிருந்தன. ஈர மண்ணில் தடம் மட்டும் தெளிவாக இருந்தது.

பக்கத்து நிலக்காரர் வந்து பார்த்தார். "கூண்டெல்லாம் ஆவாதுங்க அக்கா. வேலியோரம் கிளட்ச் ஒயர்ல சுருக்குப் போட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்றார்.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. வருவது பன்றியா வேறெதுவா என்று சுருக்குக்குத் தெரியாது என்றார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. நல்லவராக இருந்து என்னத்தைக் கண்டோம் என்று சோறு போடும்போது கேட்டேன்.

கொஞ்ச நாளில் எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவேலியில் ஒரு சிறுத்தை மாட்டியது. உறுமல் கேட்டு, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் ஓடிவந்து சொன்னார்கள். இடுப்பில் கம்பி இறுகியிருந்தது. தெப்பக்காடு யானை முகாமிலிருந்து கால்நடை டாக்டர் வந்து மயக்க ஊசி போடும்வரை மண்ணைப் பிறாண்டிக்கொண்டே கிடந்தது. பக்கத்து நிலக்காரரும் கூட்டத்தில் நின்றார். என் பக்கம் திரும்பவேயில்லை.

வனத்துறை அதிகாரி நேராக என் கணவரிடம் வந்தார். "பன்னித் தொல்லைன்னு மனுக் குடுத்தது நீங்கதானுங்களே?"

அவர் தலையாட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

"கம்பி கட்டறவங்களா இருந்தா நாங்க எதுக்குங்க மனுவத் தூக்கிட்டு உங்க ஆபீசுக்கு நடக்கோணும்?"

அப்படியானால் யார் கட்டியது என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த மனிதரின் நிலத்தில் ஒரு பாத்திகூட மிஞ்சவில்லை. தெரியாது என்றேன். சாயங்காலம்வரை கணவரை ஆபீசில் உட்காரவைத்து விசாரித்து அனுப்பினார்கள்.

சிறுத்தை பிழைத்தது. எங்கள் நிலத்துக் கூண்டில்தான் அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். கூண்டு திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, வேறோர் ஊரில் கரடிக்கு வைத்திருக்கிறது என்றார்கள். சுடும் உத்தரவும் வரவில்லை. மீதிப் பாத்திகளையும் பன்றிகள் முடித்தன.

ஒரு காலையில் பக்கத்து நிலக்காரர் வந்தார். மிச்சக் கம்பிகளை அவிழ்த்துவிட்டதாக, தரையைப் பார்த்தபடி சொன்னார். "உங்க ஊட்டுக்காரர உக்கார வெச்சதுக்கு என்னைய மன்னிச்சிருங்க."

கணவர் அடுத்த போகத்துக்கு என்ன போடப் போகிறீர்கள் என்று அவரைக் கேட்டார். பூண்டைப் பன்றி தொடாது என்கிறார்களாம். இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூண்டு விதை எங்கே கிடைக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேரையுமே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. பன்றி கடித்துப் போட்டதில் ஏதாவது தேறுமா என்று பொறுக்க, கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன்.