தனேஷுக்கு அடித்த ஹார்ன்

மலேசியாவில், செடெனாக் பக்கத்து ரயில்வே கேட்டில் முதல் நாள் நான் செய்தது, நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். தடுப்பு இறங்கியதும், வரிசையில் நின்ற கார்களைத் தாண்டி, காலியாகக் கிடந்த வலப்பக்கத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றேன். இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின, மணி விடாமல் அடித்தது, தூணடியில் மோட்டார் பெட்டி உறுமியது. ரயில் போய்த் தடுப்பு ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், என் பின்னால் ஒருவரும் இல்லை. எதிரே ஒரு லாரி. "சாலா ஜாலான் லா, பாஸ்!" என்றார் அதன் ஓட்டுநர். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

"ராங் சைட்ல நிக்கிறீங்கன்னு ஏசறாரு பிரதர். ஓரமா வாங்க லா," என்று சிரித்தபடி பைக்கைப் பிடித்து இழுத்தவன்தான் தனேஷ். என் வயதுதான். கழுத்தில் கேமரா. அவனும் ரயில் பைத்தியம் என்று தெரிந்ததும் வந்த சந்தோஷம் அடுத்த ரயில் வரும்வரைதான் நீடித்தது. எஞ்சின் கேட்டுக்காக நீளமாக ஒரு ஹார்ன் அடித்தது. அது ஊருக்கு. பிறகு குட்டியாக ஒன்று, கூடவே ஜன்னலில் ஓட்டுநரின் கை.

"அது எனக்கு," என்றான். "ஸ்கூல் படிக்கிறப்பவே இந்த சிக்னல் பெட்டி பக்கத்துலதான் நிப்பேன். டிரைவருங்களுக்கு என்னைத் தெரியும்."

எனக்கு வயிறு எரிந்தது.

மணப்பாறை அருகே எனக்கும் ஒரு கேட் இருந்தது. கேட்கீப்பர் கைப்பிடியைச் சுற்றித் தடுப்பை இறக்கி, பூட்டிச் சாவியைத் திருப்பினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். இருபுறமும் சாலையை அடைத்து நிற்கும் கூட்டத்தில் வேப்பமரத்தடி மட்டும் என்னுடையது. ஓட்டுநர்கள் எனக்குக் கையசைப்பார்கள். செனாய்த் தொழிற்சாலை வேலைக்காக அந்த இடத்தை விட்டு வந்தேன். இங்கே வாராவாரம் தனேஷ் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். "மெதுவா பிரதர், ஆக்சிடென்ட்னு நெனச்சு பிரேக் போட்ரப் போறாரு!" என்று கிண்டல் செய்தான். அவன் வராத நாளில் நீள ஹார்ன் மட்டுமே வந்தது.

பிறகு மேம்பாலம் வந்தது, கேட்டை மூடப்போகிறார்கள் என்றார்கள். அதற்குள் எனக்கென்று ஒரே ஒரு குட்டி ஹார்ன் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

கடைசி நாள் மாலை, சிங்கப்பூரில் வேலை முடிந்து கிளம்பிய தனேஷ் போன் செய்தான். "அலமாக்! சிங்கப்பூர் பாலத்துல ஜாம் பிரதர், நகரவே இல்ல. நீங்க ரெக்கார்ட் பண்ணுங்க. என் எடத்துலயே நில்லுங்க, அங்கதான் பெல் கிளியரா கேக்கும்."

அவன் குரல் உடைந்திருந்தது. ஆனால் என் மனம் துள்ளியது, அதை மறைக்க மாட்டேன். சிக்னல் பெட்டி பக்கத்தில் போய் நின்றேன். மணி அடித்தது, தடுப்பு இறங்கியது. நீள ஹார்ன். அப்புறம், குட்டி ஹார்ன்! ஜன்னலில் கை நீண்டது. எஞ்சின் நெருங்கி என் முகம் தெரிந்த கணத்தில் அந்தக் கை பாதியில் நின்றது. பிறகு, மரியாதைக்கு அசைந்தது.

"ஹார்ன் குடுத்தாரா?" என்று தனேஷ் போனில் கேட்டான்.

"குடுத்தாரு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்டா."

"அனுப்புங்க பிரதர்," என்றான்.

கேட்டின் தூண்களைப் பிடுங்கிவிட்டார்கள். செனாய் அறையில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறேன். குட்டி ஹார்ன் வரும்போதெல்லாம் என் கை தானாக உயர்கிறது. மணப்பாறையில் வேப்பமரத்தடியில் இப்போது எவன் நிற்கிறானோ, எனக்கு வரவேண்டிய கையசைப்பை வாங்கிக்கொண்டு.