நடுத் தொட்டியின் புல்

தண்ணீர் சோதிக்கும் லேப் உதவியாளனுக்கு ஒரு சாபம் உண்டு: தண்ணீரில் எது செத்தாலும் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, எண்பதுகளில் நெய்வேலியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

கடலில் புல்

எங்கள் ஃபோர்மேனின் மகள் வசந்தா ஆராய்ச்சி மாணவி. பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து கடற்புல்லையும் கேன் கேனாக உப்புத் தண்ணீரையும் பஸ்ஸில் கொண்டுவந்து, லேப் பின்புறம் மூன்று சிமென்ட் தொட்டிகளில் வைத்தாள். முதல் தொட்டி சும்மா. நடுத் தொட்டியைச் சுற்றி பவர் ஹவுஸ் வெந்நீர்க் குழாய் ஒரு சுற்று, மூன்றாவதற்கு இரண்டு சுற்று. கடல் சூடாகிக்கொண்டே போனால் புல் என்ன ஆகும் என்று பார்க்கவேண்டுமாம். தினமும் டிகிரி எழுதுவது என் தலையில் விழுந்தது. எங்கள் கான்டிராக்ட் ஆள், கம்மாபுரம் கோவிந்தசாமி, எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடல்ல புல்லு மொளைக்குதுன்னா, மேயறதுக்கு மாடு எங்கங்க?"

வசந்தா சிரிக்கவில்லை. "கடல்பசுன்னே ஒண்ணு இருக்குண்ணே. புல்லு போனா அதுவும் போயிடும்."

தார்ப்பாய்

கரித்தூள் தண்ணீரில் படிகிறதே என்று நான் ரொம்ப புத்திசாலித்தனமாக மூன்றாம் தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மூடிவிட்டு நான்கு நாள் லீவில் போய்விட்டேன். வந்து திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது, தண்டெல்லாம் கொழகொழ. சூட்டில் புல்லுக்குப் பசி அதிகமாம், வெளிச்சம் இருந்தால்தான் அது சாப்பாடு தயாரிக்குமாம். இது எனக்கு யார் சொன்னார்கள்? அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தூசியைத் தடுத்தீங்க சரி, வெயிலையும் சேர்த்துத் தடுத்துட்டீங்களேண்ணே" என்றாள்.

மொட்டை

சித்திரை வெயிலில் நடுத் தொட்டியும் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிட்டது. சூடேற்றியதில் மிஞ்சியது அது ஒன்றுதான்; வசந்தாவின் மூன்று வருஷப் படிப்பு அந்தச் சேற்றில்தான் இருந்தது. மறுபடி தொடங்க அவளுக்கு அவகாசமும் இல்லை. வெறும் சேற்றுக்கு உட்கார்ந்து டிகிரி எழுதினேன். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பாக வந்தது. ஆனி மாசம் ஒரு மத்தியானம், நகக்கண் அளவு இரண்டு பச்சைத் துளிர். ஐயோ, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மெல்லத்தான் சொன்னாள்: "மண்ணுக்குள்ள இருக்கிற தண்டுல சேத்து வச்ச சாப்பாட்டைத் தின்னுகிட்டு உசுரைப் பிடிச்சிருக்குண்ணே. நாளைக்கு போட்டோ எடுத்துடலாம்."

இன்ஸ்பெக்‌ஷன்

எங்களிடம் எந்தச் சேதியும் ஷிப்ட் நோட்டு வழியாகத்தான் அடுத்தவருக்குப் போகும். அன்றைக்கு ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் துளிர் விட்டதை எழுதாமல் ஓடினேன்.

மறுநாள் பெரிய ஆபீசர் வருகிறாராம். பெரிய ஆபீசர் வந்தால் அசையாததற்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். காலையில் கேமராவோடு வசந்தாவும் நானும் போனோம். முதல் தொட்டியில் புல் பச்சையாக இருந்ததால் அது தப்பித்தது. நடுத் தொட்டி பளீரென்று வெள்ளையடித்து, செம்மண் நிரப்பி, அதில் குரோட்டன்ஸ் செடி. சேற்றை எங்கே கொட்டினீர்கள் என்று கத்தினேன். லாரி அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். வசந்தா தொட்டி விளிம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. கோவிந்தசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த இன்ஸ்பெக்‌ஷனில் நல்ல பேர் வாங்கினால் பர்மனென்ட் ஆகலாம் என்று பாவம் அவர் விடியலிலிருந்து உழைத்திருக்கிறார். கையில் சுண்ணாம்போடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெறும் சேறுதானே சார் நாறிகினு கெடந்துச்சு. நோட்டுல ஒண்ணும் எழுதலியேங்க?"

வெந்நீரில் அந்தப் புல் எத்தனை நாள் தாங்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன், எங்களை மாதிரி நல்லவர்கள் நடுவில் எத்தனை நாள் தாங்கும் என்பதற்குத்தான் என்னிடம் தெர்மாமீட்டர் இல்லை.