பிளேட் அசையவில்லை

ஜெரால்டுக்கு மேல், கீழ் முன்பற்களின் நடுவில் மறுபடியும் இடைவெளி தெரிந்தது. தாடை ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம்; வேலைக்கும் திரும்பிவிட்டார். ராயபுரத்தில் என் கிளினிக் நாற்காலியில் அவர். பக்கத்தில் மனைவி ஸ்டெல்லா.

அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேனுக்குக் கையால் சைகை காட்டும் சிக்னல்மேன். கடைவாய்ப் பற்களைக் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. நாங்கள் ஓபன் பைட் என்போம். அவர் முதல் நாள் சொன்னது வேறு: "பர்மா கட அத்தோ துன்னா நூடுல்ஸ கட் பண்ண முடில மேடம். உறிஞ்சிகினே கீறேன்."

மேல்தாடை எலும்பை வெட்டி, சற்று உயர்த்தி, பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டேன். பற்கள் சேர்ந்தன. இப்போது விலகுகின்றன.

"ஸ்க்ரூ லூசாயிடுச்சா மேடம்?"

"அது உனக்கு மொதல்லர்ந்தே லூசு" என்றார் ஸ்டெல்லா. யாரும் சிரிக்கவில்லை. மறுபடி ஆபரேஷன் என்றால் மறுபடி லீவு. காண்ட்ராக்ட் வேலை காத்திருக்காது.

எக்ஸ்ரேயில் பிளேட் அசையவில்லை. எலும்பும் ஒழுங்காகக் கூடிவந்தது. நகர்ந்தவை பற்கள்தான். இப்படியே விட்டால் புது எலும்பும் அதற்கேற்ப மாறிவிடும்.

"கடினமாக ஏதாவது கடித்தாரா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"கஞ்சி, இட்லி, கொழைஞ்ச சோறு. ஒரு கடலகூட கண்ணுல காட்டல மேடம்."

விழுங்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கும் பல்லைத் தள்ளவில்லை.

எக்ஸ்ரேக்காகக் கழற்றிய சங்கிலியை ஜெரால்டு எடுத்து மாட்டினார். சிலுவையோடு ஒரு பிளாஸ்டிக் விசிலும் தொங்கியது. ஊதும் முனையில் பல் தடம்.

"இதை எப்படிப் பிடிப்பீர்கள்?"

முன்பற்களுக்கு நடுவில் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். இடைவெளியில் விசில் அளவெடுத்தது போல் பொருந்தியது.

"ஷிப்ட் ஃபுல்லா வாயிலதான் மேடம். ரெண்டு கையும் சிக்னலுக்கு வோணும். லோடு கீழ எவனாச்சும் பூந்துட்டா ஊதணுமே."

கடிக்கக்கூடாத தீனிகளையெல்லாம் சொல்லியனுப்பியிருந்தோம். விசில் தீனியில் சேராது.

அதை விட்டுவிடவும் சொல்ல முடியாது. கீழே நிற்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது. அவருடைய சேப்டி ஆபீசரிடம் போனில் பேசினேன். பட்டனை அழுத்தினால் அலறும் விசில் ஒன்று வந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். மேல், கீழ்ப் பற்களை இழுத்துச் சேர்க்க ரப்பர் வளையங்கள் மாட்டினேன். ரொம்ப மெதுவாக இடைவெளி மூடியது.

கடைசி செக்கப்புக்கு ஸ்டெல்லா அத்தோ பார்சலோடு வந்தார். ஜெரால்டு ஒரு வாய் கடித்தார். நூடுல்ஸ் அறுந்து தட்டில் விழுந்தது.

"இன்னிக்கிதான் சத்தமில்லாம துன்றான்" என்றார் ஸ்டெல்லா.

எலும்பு கூடும்வரை பிளேட் பிடித்துவைக்கும். அப்புறம் பல்லும் எலும்பும் நிலைப்பது, அந்த வாய் நாள் முழுக்கச் செய்யும் வேலையைப் பொறுத்தது. இப்போது எக்ஸ்ரேக்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: வேலை நேரத்தில் வாயில் என்ன வைப்பீர்கள்? ஒன்றுமில்லை என்பார்கள். போன வாரம் காலடிப்பேட்டைத் தச்சர் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆணி கணக்குல வருமா மேடம்?" என்றார்.