எதுல பேஸ் ஜாஸ்தி, மேடம்?

இயர்போன் விற்கிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. சரக்கு வாடிக்கையாளரின் காதுக்குள் போய்விடும். அது நன்றாக இருக்கிறதா என்பதை வெளியே நின்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். புடவைக் கடையில் நிற்பவளுக்குப் புடவை தெரியும். செருப்புக் கடையில் நிற்பவனுக்குக் கால் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடும் தலைகளும் சுருங்கும் புருவங்களும்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கணுக்கால் வீங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், எல்லார் இடுப்பிலும் வாக்மேன் தொங்கிய காலத்தில், பெங்களூர் பிரிகேட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இம்தியாஸ் பாயின் ஆடியோ கடையில் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மஞ்சுநாத்தின் பக்கம். இயர்போன் வைத்த கண்ணாடிப் பெட்டி என் பக்கம். தினமும் விடியற்காலையில் தங்கவயலில் ரயிலேறி கண்டோன்மென்டில் இறங்கி வருவேன். வந்தவுடன் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, காட்டுவதற்கு வைத்திருக்கும் இயர்போன்களை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். பிறகு ஷட்டர் மூடும்வரை ஒரே கேள்விதான். பாட்டுக்கு அடியில் திம் திம் என்று வருமே, அந்தக் கனத்த சத்தம், அது எதில் அதிகம் என்று கேட்பார்கள். தமிழில், கன்னடத்தில், உருதுவில், இங்கிலீஷில். எந்த பாஷையிலும் ‘பேஸ்’ என்ற சொல் மட்டும் மாறாது.

காலால் கேட்டவள்

எனக்கு நேர்முகத் தேர்வு வைத்தவர் பாய்தான். படிப்பைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. மூன்று இயர்போன்களை எடுத்து வைத்து, ஒரே பாட்டை மூன்றிலும் போட்டு, “எதுல பேஸ் ஜாஸ்தி? யோசிக்காம சொல்லு” என்றார். அதற்கு முன் நான் இயர்போனைத் தொட்டதே இல்லை. கம்மல் தடுக்க, ஒயர் தலைமுடியில் சிக்க, ஒரு வழியாக மாட்டிக்கொண்டேன்.

முதல் இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. மூன்றாவதை மாட்டியவுடன் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் இருந்த எங்கள் லைன் வீடு கண்முன் வந்தது. தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறை பிளந்து நகர்ந்தால் மேலே எங்கள் வீடுகள் ஒரு கணம் நடுங்கும். முதலில் உள்ளங்காலில் தெரியும், அப்புறம்தான் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். நான் மூன்றாவதைக் காட்டி, “இதான் சார். எங்க ஊர்ல தரை அதிர்ற மாதிரியே இருக்கு” என்றேன். பாய் மற்ற இரண்டையும் சுருட்டிப் பெட்டியில் போட்டார். “எல்லாரும் காதால கேக்குறாங்க, நீ காலால கேக்குற. நாளைக்கே வந்துடு, புஷ்பாம்மா.”

வாசனை மாடல்

சிவாஜிநகரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்டான தையல்காரர். கவ்வாலி கேட்பதுதான் அவர் உயிர். அதில் தபேலாவின் இடது பக்கம் விழும்போது நெஞ்சில் விழ வேண்டும். நான் ஒவ்வொரு மாடலாக மாட்டக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, “இடது காதுல மாஷா அல்லா. வலது காதுல ஒண்ணும் இல்லையே, பேட்டா” என்றார். நாலு மாடல் ஆயிற்று. நாலிலும் வலது பக்கம் பேஸ் இல்லை. வாக்மேனை மாற்றினேன், கேசட்டை மாற்றினேன். அப்புறம்தான் பார்த்தேன். அவருடைய வலது காது மடலில், அத்தரில் நனைத்த பஞ்சு உருண்டை ஒன்று சொருகியிருந்தது. எந்த இயர்போனும் அதைத் தாண்டி உள்ளே உட்காரவில்லை.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். மஞ்சுநாத் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்து, கடையே அதிரச் சிரித்து, பஞ்சை எடுத்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, முதலில் கேட்ட மாடலையே வாங்கிக்கொண்டு போனார். காட்டும் இயர்போனில் ஒட்டிய அந்த அத்தர் என் ஸ்பிரிட்டுக்கெல்லாம் அசையவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு காலேஜ் பெண் வந்து, அந்த மாடலைக் காதில் வைத்துக் கேட்டாள், மூக்கில் வைத்து மோந்தாள், பிறகு என்னிடம் கேட்டாள்: “இந்த வாசனை வர்றது நீலக் கலர்ல இருக்கா அக்கா?”

ஆளுக்கு ஒரு காது

மர்பி டவுன் அண்ணன் தம்பி இருவர், ஒரே லேத் பட்டறையில் வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு இயர்போன் வாங்க வந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் மாட்டிக்கொள்வதாகத் திட்டம். அப்படியே மாட்டிப் பார்த்தார்கள். அண்ணன், “உன் பக்கம்தான் பேஸ் ஜாஸ்தியா கீது” என்றான். மாற்றிக்கொண்டார்கள். இப்போதும் அண்ணனுக்குத் தம்பி பக்கம்தான் ஜாஸ்தி. வேறு மாடல் கொடுத்தேன். அதிலும் அதே கதை. இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று நான் சத்தியம் செய்யாத குறை. கடைசியில் அண்ணன் ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “சின்ன வயசுலேர்ந்தே நல்லது எல்லாம் அவன் பக்கம்தான் மேடம் போவும்.”

டேனியல் சாரின் கேசட்

ரிச்சர்ட்ஸ் டவுன் டேனியல் சார் தன் சபையின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். நல்ல உயரம், மெல்லிய பேச்சு. ஒரு கேசட்டோடு வந்தார். அவர்கள் குழு பாடியதை யாரோ பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். “எல்லாருக்கும் பாட்டு கேக்குதும்மா, டிரம் கேக்குது, ஆர்கன் கேக்குது. நான் வாசிக்கிறது மட்டும் எனக்கே கேக்கல” என்றார். நான் பெருமையோடு எங்களிடம் இருந்த பேஸ் ராஜாவை எடுத்து மாட்டக் கொடுத்தேன். டிரம்மும் கிட்டாரும் ஒன்றாகக் குழைந்து பூம் பூம் என்று வந்ததே தவிர, அவர் விரல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. அடுத்ததிலும் அப்படியே.

பெட்டியின் மூலையில் ஒரு மாடல் கிடந்தது. பேஸ் போதவில்லை என்று வாங்கினவர்களெல்லாம் திருப்பிக்கொண்டு வந்த சரக்கு. தயங்கித் தயங்கி அதைக் கொடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கிட்டார் தனியாக, ஒவ்வொரு தந்தியாக, கேட்டிருக்கிறது. சத்தம் பெரிதாக இருப்பது வேறு, தெளிவாக இருப்பது வேறு என்பது எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாவது பாட்டில் அவர் முகம் மாறிற்று. கேசட்டைப் பின்னால் ஓட்டினார், கேட்டார். மறுபடி ஓட்டினார், கேட்டார். வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் வாசித்த அந்தப் பாட்டில் ஒரு இடத்தில் தப்பான சுரம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இயர்போனைக் கழற்றி, பில் போடச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நல்லவேளைம்மா, எங்க சபையில ஒருத்தர்கிட்டயும் நல்ல இயர்போன் இல்ல.”

மூன்று சனிக்கிழமை

சில வருஷங்கள் கழித்து, காது ஓட்டைக்குள்ளேயே சொருகிக்கொள்ளும் ரப்பர் மூடி வைத்த இயர்போன்கள் வந்தன. ஜனங்களுக்கு அதை மாட்டத் தெரியவில்லை. வாசலில் நிறுத்திவைத்த விருந்தாளி மாதிரி காதின் விளிம்பிலேயே தொங்கவிட்டு, “பேஸே இல்லையே” என்பார்கள். அடுத்தவர் காதில் நான் விரலை விட முடியுமா? என் காதிலேயே மாட்டிக் காட்டுவேன். மடலை ஒரு கையால் மேலே இழு, மறு கையால் உள்ளே தள்ளு, வெளியே ஆட்டோ ஹாரன் அடங்குகிறவரை தள்ளு. ஹாரன் அடங்கினால் பேஸ் வந்துவிட்டது.

அப்போது ஒரு சாஃப்ட்வேர்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஆறு மாடல்களுக்கும் கட்டம் போட்டிருந்தார்: அடி எப்படி, தெளிவு எப்படி, காது வலிக்கிறதா. ரப்பர் மூடியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. ஆறு மாடலையும் மூன்று அளவிலும் கேட்டார். மூன்று சனிக்கிழமை வந்தார். மஞ்சுநாத் அவரைப் பார்த்தாலே, “பந்த்ரு நோடி, நிம்ம சார்”, உங்க சார் வந்துட்டார் பாருங்க என்று கன்னடத்தில் சொல்லிக் கண்ணடிப்பான். மூன்றாவது சனிக்கிழமை அவர் நோட்டை மூடிவிட்டுச் சோர்ந்த குரலில், “நீங்க வீட்ல எதை வெச்சிருக்கீங்களோ அதையே குடுங்க மேடம்” என்றார். நான் உண்மையைச் சொன்னேன். என்னிடம் இயர்போன் கிடையாது, நாள் பூரா இதைக் கேட்டுவிட்டு ரயிலில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவேன் என்றேன். அவர் நோட்டை மறுபடி திறந்தார். பேனாவை எடுத்தார். “அந்தப் பஞ்சு எந்த பிராண்ட் மேடம்?”

அப்பா வந்த நாள்

இது சிரிப்புக் கதை இல்லை. சுரங்கம் மூடின மறுவருஷம் நடந்தது. அப்பா இருபத்தெட்டு வருஷம் பூமிக்கடியில் பாறையில் துளை போட்டு வெடி வைத்தவர். அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். பேச்சு என்பது நான் கத்துவதும், “இன்னா முணுமுணுக்கிற?” என்று அவர் எரிந்து விழுவதுமாக இருந்தது. அந்தச் சமயம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: ஆம்பளைகள் காதில் ஒயர் மாட்டிவிடும் வேலையைப் பெண் விட்டுவிட வேண்டும். அப்பா சரியென்று சொல்லிவிட்டார். நான் மூன்று நாள் மாட்டேன் என்று மூன்று விதமாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கேட்டும் கேட்காதமாதிரி இருக்கிறார் என்றே நினைத்தேன். ராத்திரியெல்லாம் அழுதேன்.

நாலாம் நாள் மத்தியானம், மழையில் நனைந்தபடி கடை வாசலில் நின்றார். “பாய்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பு.” கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வர மாட்டேன் என்று கத்தினேன், குரல் கீச்சென்று போயிற்று. “இன்னா முணுமுணுக்கிற?” என்றார். இம்தியாஸ் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பாய்க்குப் பீப்பாய்க்குள்ளிருந்து வரும் குரல்; அவர் அதை உயர்த்தவேயில்லை. “முதல்ல உக்காருங்க அண்ணே. சாய் குடிச்சிட்டுப் பேசலாம்.” அப்பா உடனே திரும்பி, “சாயெல்லாம் வேணாம் பாய், டிரெயின் புடிக்கணும்” என்றார்.

எனக்கு ஏதோ பொறி தட்டிற்று. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, என் கையாலேயே ரப்பர் மூடிகளை அவர் காதில் சொருகி, ஒரே பாட்டை மூன்று மாடலில் போட்டேன். முதலாவது மெல்லிசான, பளிச்சென்ற சத்தம். அவர் என்னையே பார்த்தார். “ஓடலையே?” இரண்டாவதில், “எங்கியோ இன்னாவோ கேக்குது.” மூன்றாவது, கடையிலேயே கனத்த பேஸ். அவர் விரல்கள் முட்டியில் தாளம் போட ஆரம்பித்தன. முகம் மலர்ந்தது. “மோளம் ஜோரா கீதும்மா” என்றவர், கொஞ்சம் கழித்துக் கேட்டார், “பாட்டு யாரும் பாடலையா இதுல?” அந்தப் பாட்டில் முதலிலிருந்து கடைசிவரை ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

அத்தனை வருஷ வெடியில் அவர் காதில் மெல்லிசான சத்தமெல்லாம் போய், கனத்த சத்தம் மட்டும் மிச்சமிருந்திருக்கிறது. என் குரலோ கீச்சுக்குரல். கத்தக் கத்த இன்னும் மெல்லிசாகும். இயர்போனைக் கழற்றினேன். ஸ்டூல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலை வயிற்றுக்கு இறக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: “அப்பா. எனக்கு இந்த வேலை வேணும்பா. அந்த வரன் வேணாம்.” அவர் பாய் பக்கம் திரும்பி, சாய் சொல்லுங்கள் என்றார். வாங்கிக் குடித்துவிட்டு, நான் கிளம்புகிறவரை மஞ்சுநாத் பக்கம் ஸ்பீக்கர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டர்சன்பேட்டைக்கு மறுநாள் அவரே போய் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்கு வந்த அன்றைக்கே சாயங்காலம் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து, ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் என்னிடம் கேட்டார்: “இவ்ளோ நாளா ஏம்மா கத்திக்கினே இருந்த? இப்படி மெதுவா சொல்லியிருந்தா கேட்டிருக்குமே.”

ஒன்பது வருஷம் பெங்களூர் முழுக்கக் காது பார்த்துக் கொடுத்த எனக்கு இன்றைக்கு என் வீட்டில் இருக்கும் ஒரே பட்டம், நாலு தரம் கூப்பிட்டால்தான் திரும்புகிறவள் என்பது.