கடைசி வரிசையில் ஸ்ரனிஸ்லாஸ்

சனிக்கிழமை மத்தியானம் சோற்றுப் பானையை இறக்கி வைத்த கையோடு, ஸ்ரனிஸ்லாஸ் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவே மூன்று கதிரைகளை வரிசையாகப் போடுகிறார். அறையில் இருப்பதே மூன்று கதிரைகள்தான். ஆனாலும் அவற்றில் ஒருவரும் இருக்கக்கூடாது. நாங்கள் நான்கு பேரும் சோற்றுக் கோப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்களில் இருந்து சாப்பிட வேண்டும். அவர் முதல் கதிரைக்குப் பின்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, "மாணவ நண்பர்களே!" என்று தொடங்குகிறார். பிரான்சின் சனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.

தலைநகரில், லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில், நாலாம் மாடியில் எங்கள் அறை. இருக்கிற ஐந்து பேரில் ஒருவருக்கும் இந்த நாட்டில் வாக்கு இல்லை. ஆனால் அந்த 1988 பங்குனி மாதத்தில், வேட்பாளர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எங்களைப் போல வரிக்கு வரி அறிந்த வாக்காளர்கள் அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் வடக்குப் புறநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்தார். அங்கே பெரிய விரிவுரை மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் வேட்பாளர்கள் மாணவர்கள் முன்னால் விவாதம் செய்வார்கள். வேலை இரண்டு மணிக்கு முடியும். விவாதம் மூன்று மணிக்குத் தொடங்கும். இவர் வீட்டுக்கு வரமாட்டார். நீல மேலங்கியோடு கடைசி வரிசைக் கதவடியில் நின்று, காலையில் துடைத்த பித்தளைக் கைப்பிடியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பார். காது மேடையில் இருக்கும். மாணவர்கள் வாங்குகளின் கீழ் போட்டுவிட்டுப் போன துண்டுப் பிரசுரங்களின் வெற்றுப் பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்.

பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. அதனால் கண்ணாடிக்காரர், நெட்டையர், சிவப்புச் சால்வைக்காரி என்று அந்த மேடைக்கு வருகிற மூவருக்கும் அறையில் பெயர் வைத்தாயிற்று. "கண்ணாடிக்காரர் பொய் சொல்ல முன்னம் கண்ணாடியைக் கழற்றுவார். கவனிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு, இல்லாத கண்ணாடியைக் கழற்றிக் காட்டுவார். நெட்டையர் என்றால் ஒரு கை காற்சட்டைப் பைக்குள் போகும். சால்வைக்காரி என்றால் குரல் மெலியும், வேகம் கூடும். ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை, ஆறு நிமிடம். மணிக்கூட்டைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிடுவார். ஒருவருக்கு அரை நிமிடம் கூடிவிட்டால் மற்ற இருவருக்கும் அரை நிமிடம் கூட்டிக் கொடுப்பார்.

"உமக்கு ஆரைப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டால் கோபம் வரும். மன்னார் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடியில் இருந்து, வாக்களிக்க வருகிறவர்களின் விரலில் மை பூசியவர். "தேர்தல் கடமைக்காரன் ஒருத்தற்ரை பக்கமும் சாயப்படாது. நான் விரலைத்தான் பார்த்தனான், முகத்தைப் பாக்கேல்லை" என்பார்.

வயது முப்பத்தொன்பது. தலையைப் பக்கவாட்டில் வகிடெடுத்து எண்ணெய் வைத்து வாரியிருப்பார். துப்புரவு வேலைக்குப் போகும்போதும் மேலங்கிப் பையில் ஒரு பேனை குத்தியிருக்கும். மனைவி இம்மாகுலேற்றும் மகளும் மன்னாருக்குப் பக்கத்தில் வங்காலையில். ஐந்து மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர். பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. சப்பாத்து அனுப்புவதற்காக மனைவி பிள்ளையின் காலைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கடிதத்தோடு அனுப்பியிருந்தா. இவர் கடையில் சப்பாத்தைத் தேர்ந்து அனுப்பி, அது போய்ச் சேர்ந்தபோது கால் வளர்ந்துவிட்டது. மறுபடியும் ஒரு கால் வந்தது. முதலாவது காலையும் இரண்டாவது காலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இவ்வளவு" என்று இரண்டு விரல்களுக்கிடையே எங்களுக்குக் காட்டுவார்.

அகதி மனுவுக்கு முடிவு வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். முடிவு வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒரு தற்காலிக வதிவிடத் துண்டுதான் எங்கள் எல்லோரையும் போல அவரிடமும் இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை, மூன்று கதிரைகளும் பேசி முடிந்த பிறகு, உணவகமொன்றில் கோப்பை கழுவுகிற பத்திநாதர் கட்டிலில் இருந்தபடி கையை உயர்த்தினார். எங்களில் மூத்தவர் அவர்.

"தம்பி, உந்த மூண்டு பேரிலை ஆராவது எங்களைப் பற்றி வாய் திறந்தவையோ?"

ஸ்ரனிஸ்லாஸ் நெட்டையரின் கதிரைக்குப் பின்னால் நின்றார். காற்சட்டைப் பைக்குள் இருந்த கை வெளியே வந்தது. "இல்லை அண்ணை."

"அங்கை பொடியள் கேள்வி கேக்கிறவங்கள் எல்லே?"

"ஓம். மைக் குடுப்பினம்."

"அப்ப நீர் கேளும்."

அன்றிலிருந்து கேள்வி தயாரானது. இரண்டே இரண்டு வசனம். இந்த மண்டபத்தைத் துப்புரவாக்குகிறவன் நான், எனக்கு வாக்கு இல்லை என்பது முதலாவது. மனைவியும் பிள்ளையும் வந்து சேர ஒரு மனிதன் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. பிரெஞ்சில் எழுதி, முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். சவரம் செய்யும்போது சொல்லுவார். சோற்றுக்கு உலை வைத்துவிட்டுச் சொல்லுவார். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நாங்களே சொல்லுகிற அளவுக்கு எங்களுக்கும் அது பாடமாகிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை அவர் கேட்டார்.

பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பி வந்து, மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அவர் கதிரையில் இருந்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

"கேட்டனீரோ?" என்றார் பத்திநாதர்.

"ஓம் அண்ணை. மைக் என்ரை கைக்கு வந்தது."

"பிறகு?"

"முதலாவது வசனத்தைச் சொன்னன். முழு மண்டபமும் திரும்பிப் பாத்தது. பிறகு கை தட்டத் தொடங்கிவிட்டாங்கள். எழும்பி நிண்டு தட்டினாங்கள். நிப்பாட்டுறாங்கள் இல்லை."

"நல்லதுதானே. இரண்டாவது?"

"கை தட்டி முடிய நெட்டையர் மைக்கைப் பிடிச்சிட்டார். எனக்கு நன்றி சொன்னார். உழைக்கிற மனிசற்ரை மரியாதையைப் பற்றி இரண்டு நிமிசம் பேசினார். அதுக்கும் கை தட்டினாங்கள். அதுக்குள்ளை என்ரை மைக் அடுத்த ஆளுக்குப் போயிட்டுது."

"அப்ப அவங்களுக்கு நீர் கேள்வி கேக்க வந்தனீர் எண்டே தெரியாது" என்றார் பத்திநாதர்.

"தெரியாது அண்ணை. எல்லாரும் சந்தோசமா வீட்டை போனாங்கள்."

மறு கிழமை மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, நகருக்கு வெளியே கூசேன்வில்லில் ஒரு களஞ்சியத்துக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். கண்டிப்பும் இல்லை, காரணமும் இல்லை. களஞ்சியத்தில் பெட்டிகள் மட்டும்தான். சனிக்கிழமைகளில் கதிரைகள் பழையபடி மேசையைச் சுற்றி வந்தன. விவாதத்தைச் சொல்லிக் காட்டச் சொல்லி நாங்களாகக் கேட்டாலும், "நேரிலை கேக்காததை எப்பிடிச் சொல்லுறது?" என்றுவிட்டார். ஆனால் ஒருநாள் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அவரைக் கூட்டிவரப் போனபோது, புறநகர் ரயிலின் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். இரண்டாவது வசனம். ரயில் நின்று கதவு திறந்த பிறகும் அவர் இறங்கவில்லை. வசனத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

சித்திரை இருபத்து நான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வாக்களிப்பு. ஸ்ரனிஸ்லாஸும் நானும் தேவாலயப் பூசைக்குப் போய்விட்டு வரும்போது, எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடி மரி-லூயிஸ் அம்மா படியில் நின்று கூப்பிட்டா. புதுச்சேரிக்காரி. கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்து இறந்தவர். பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பிரஜை. ஒரு கண்ணில் சத்திர சிகிச்சை செய்து துணி கட்டியிருந்தது.

"தம்பி, எக்கோல் வரைக்கும் கைய புடிச்சி அழச்சிட்டுப் போறியா? வோத் போடணும். படி ஏற பயமா இருக்கு."

ஒரு பக்கம் ஸ்ரனிஸ்லாஸ், மறு பக்கம் நான். பாடசாலைக்குப் பத்து நிமிட நடை. போகும் வழியில் அவவே கேட்டா: "யாருக்குப் போடறது? எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

ஸ்ரனிஸ்லாஸுக்கு மடை திறந்தது. கண்ணாடிக்காரர் வரியைப் பற்றிச் சொன்னது, சால்வைக்காரி வீட்டு வாடகையைப் பற்றிச் சொன்னது, நெட்டையர் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொன்னது. பாதையைக் கடக்கும்போதும் நிறுத்தவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து சொன்னார்.

"நீ சொல்றதக் கேட்டா எல்லாரும் நல்லவங்க மாதிரி இல்ல இருக்கு?" என்று சிரித்தா மரி-லூயிஸ் அம்மா. பாடசாலை வாசலில் நின்று, கட்டுப்போடாத கண்ணால் அவரைப் பார்த்தா. "உனக்கு வோத் இல்லல்ல?"

"இல்லை அம்மா."

"அப்ப ஒண்ணு பண்ணு. உன் மனசுல யாரு இருக்காங்கன்னு சொல்லு. நான் அவங்களுக்குப் போட்டுடறேன். எனக்கு எல்லாம் ஒண்ணுதான். உன் வோத்துன்னே வச்சுக்க."

எங்களைத் தாண்டி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். அந்தப் பெயரைக் கேட்க நானும் எத்தனை கிழமையாகக் காத்திருந்தேன்! வாய் மூடியது. இன்னொரு முறை திறந்தது.

"வேண்டாம் அம்மா," என்றார் கடைசியில். "அது உங்கடை. நீங்கள் நினைக்கிற ஆளுக்கே போடுங்கோ."

"பைத்தியக்காரப் புள்ள" என்றா அவ, அன்பாகத்தான்.

உள்ளே மேசையில் வேட்பாளர்களின் பெயர்த் துண்டுகள் குவியல் குவியலாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு குவியலிலும் ஒவ்வொன்றை ஸ்ரனிஸ்லாஸே எடுத்து அவவின் கையில் வைத்தார். ஒன்றையும் மேலே வைக்காமல், ஒன்றையும் கீழே வைக்காமல், சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் அவ போய், ஒன்றை உறையில் இட்டுத் திரும்பி வரும்வரை அவவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உறை வாக்குப் பெட்டிக்குள் விழுந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, வாக்களிக்கப்பட்டது என்று உரத்துச் சொன்னார்.

நான் மரி-லூயிஸ் அம்மாவை அட்டையில் முத்திரை குத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஸ்ரனிஸ்லாஸ் நகரவில்லை. பெட்டிக்கு நேர் எதிரே, வரிசையில் அடுத்த ஆளாக, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அதிகாரி தலை நிமிராமலே அவர் பக்கம் கையை நீட்டினார்.

"உங்கள் வாக்காளர் அட்டை, ஐயா."

ஸ்ரனிஸ்லாஸின் வலது கை கைப்பையை விட்டு இறங்கி, சட்டையின் உள்பைக்குள் போய்த் தேடத் தொடங்கியது.