சோளத்தை நேராகக் கடிக்கும் நாள்

டாக்டர் வீராசாமி காலமான செய்தி காஜா பெராங் தெருவில் மெல்ல நடந்து வந்தது. மழை விட்டும் கூரைகள் சொட்டிக்கொண்டிருந்த காலை. பக்கத்து வீட்டு ரிக்‌ஷாக்காரர் வாசலில் நின்று, "பல் டாக்டர் போயிட்டாருங்க. ஜுரமாம்," என்றார். உள்ளே மேசைமேல், ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில், என் மகள் கமலத்தின் கம்பி வைத்த பல் தகடு கிடந்தது. அவள் வாய்க்கு அளவெடுத்து அதைச் செய்து கொடுத்தவர் அவர்தான்.

அவரை அறிந்த வாசகர்களுக்கு அவர் பேச்சு நினைவிருக்கும். அவர் இவ்வூர்ச் செட்டி; தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். தமிழை அவர் கோயிலுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் என்று எடுத்து வைத்திருந்தார். தமிழில் புறப்பட்ட வாக்கியம் பெரும்பாலும் மலாயில்தான் கரையேறும்.

கம்பிப் பேச்சு எழுந்தபோது கமலத்துக்குப் பன்னிரண்டு வயது. முன்பற்கள் எடுப்பு, மேலே ஒரு தெத்துப்பல். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களை நினைத்து நான் கம்பி போட வேண்டும் என்றேன். என் மனைவி சம்மதிக்கவில்லை.

"தெத்துப்பல் அதிர்ஷ்டம். அது மொளைச்ச வருஷந்தான் உங்களுக்கு இந்தப் பத்திரிகை வேலை கெடைச்சது."

"உன் தம்பி ரெண்டு தடவை பெயிலானதும் அதே வருஷந்தான்," என்றேன்.

வழக்கு பண்டார் ஹிலிரில் டாக்டரின் அறைக்குப் போயிற்று. கமலத்தின் வாயை நெடுநேரம் பார்த்தார். "நாற்காலியில வாய் பயந்துடும், அண்ணன். நான் வீட்டுக்கு வாறேன்," என்றார். அது அவர் வழக்கம். பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்காமல் பல்லைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார்.

ஒரு மாலை, மஞ்சள் வெயில் தரையில் படுத்துக் கிடந்த நேரத்தில், அவித்த சோளத்தோடு வந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார். ஆவி எழுந்து எங்கள் முகங்களுக்கிடையே கலைந்தது. கமலம் தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கடித்தாள்; பிறகு விரலால் உதிர்த்துத் தின்றாள். அவளுடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்னால் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இத்தனை வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டும் நாங்கள் அதைக் கண்டதில்லை.

"அண்ணனுக்கு அழகு வேணும். அக்காவுக்கு அதிர்ஷ்டம் வேணும். நடுவுல பிள்ளைக்கு லாப்பார்," என்றார். பசி என்ற சொல் அப்போது அவருக்குத் தமிழில் வரவில்லை.

பிறகு எங்களை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பிள்ளைகள் எல்லாரும் அவருக்கு 'அடெக்', தம்பி தங்கச்சி.

"அடெக், பல் உன்னுது. கம்பி போடலாமா?"

"வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நாள் கஞ்சிதான்."

"தெத்துப்பல் போயிடுமா?"

"அது கடிக்கிறதுக்குக் குறுக்க வரல. அம்மாவுக்கு விட்டுடுவோம்."

சுவரில் பல்லி ஒன்று சத்தமிட்டது. அவள் யோசித்தாள்.

"எப்ப ஒரேயடியாக் கழட்டுவீங்க?"

"சோளத்தை நேரா கடிக்கிற நாள்ல. என்கிட்ட காட்டணும்."

தலையாட்டினாள்.

தகடு மாட்டிய புதிதில் அவளுக்குப் பேச்சுக் குழறியது; பள்ளியில் வாய் திறக்க மறுத்தாள். "இப்ப உன் தமிழும் என் தமிழும் ஒண்ணு, அடெக். நாம ரெண்டு பேரும் பேசுவோம்," என்றார். ஒவ்வொரு முறை கம்பியை முடுக்கும்போதும் இருவரும் குழறிக் குழறி ஊர்க்கதை பேசுவதை வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

காரியங்கள் முடிந்த மறுவாரம் தெருவில் சோளக்காரரின் குரல் கேட்டது. கமலம் ஒன்று வாங்கி வந்து, தகட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டு ஒரே ஒரு கடி கடித்தாள். நிறுத்திவிட்டு என்னிடம் எடுத்து வந்தாள். சோளத்தின் நடுவில் முன்பற்களின் தடம், நேராக.

"அவர்கிட்ட காட்டணும்னாரே, அப்பா."

சிங்கப்பூரிலிருந்து வேறொரு டாக்டர் வருவார் என்கிறார்கள். தகடு இன்னும் வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். நான் சோளத்தை வாங்கி, டாக்டர் வீராசாமி பார்த்திருக்கக்கூடிய அளவு நேரம் பார்த்தேன்.

நிருபனாக ஊரெல்லாம் கேட்டு எழுதியவன் நான். இப்போது, எழுதி முடித்த பிறகும், யாருக்கு நடந்ததோ அவரிடமே இன்னொரு முறை போய், எழுதியது சரிதானா என்று கேட்கிறேன். டாக்டரிடமிருந்து எனக்கு எஞ்சியது அது. கமலத்துக்கு எஞ்சியது வேறு. சோளத்தைத் திரும்ப வாங்கி முழுதும் தின்றாள். "அதிர்ஷ்டம் இருந்த எடத்துலயே இருக்கு பாருங்க," என்றாள் என் மனைவி. கமலம் சிரித்தாள், தெத்துப்பல் தெரிய, கை இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு.