கரடிக் காலில் கம்பி

வனச்சரக ஜீப்பை ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. சந்தனக் கட்டை, சாரைப்பாம்பு, அதிகாரிகளின் மாமியார்கள் என்று இந்த வண்டியில் நான் ஏற்றாதது எதுவும் இல்லை. ஊரில் யாராவது கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். எனக்குச் சந்தவாசல் ஊர், எங்கள் ஊர்க்காரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கரடியைத் தேடிப் போன அந்த மூன்று நாள்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் பங்குக்குப் பீற்றிக்கொள்ள மனசு வராது. அதில் பெருமை முழுக்க இன்னொருவருடையது.

அவர் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலையூரில் மரவள்ளியும் சாமையும் போடுகிற விவசாயி. என்னைவிடப் பத்து வயது பெரியவர். நாவல் பழக் காலம் வந்தால் அவரும் அவர் மனைவியும் காட்டில் பழம் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு வாரம். அதற்குள் பொறுக்கியதுதான் உண்டு. மனுஷனுக்கும் அப்படித்தான், கரடிக்கும் அப்படித்தான்.

அந்த வைகாசிக் கடைசியில், ஓடைப் பக்கம் பழம் பொறுக்கப் போன ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கரடி துரத்தியதாம். அது நொண்டியதாம், அதன் முன்னங்காலில் கம்பி பளபளத்ததாம். எங்கோ சுருக்கில் மாட்டி, கம்பியை அறுத்துக்கொண்டு வந்த கரடி என்று கேட்டவுடன் தெரிந்துபோயிற்று. வலியில் இருக்கிற கரடி ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகாது. அதனால் அதைப் பிடித்துக் கம்பியை எடுக்கும்வரை யாரும் ஓடைப் பக்கம் போகக்கூடாது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். மரத்தடியில் பழம் அழுக அழுக ஊருக்கு வயிறு எரிந்தது. ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தால் ஒரு மணி நேர வேலை என்று டீக்கடையில் எங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். மலைக்குக் கீழேயிருந்து மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஒரு டாக்டரம்மா வந்தார், சின்ன வயது. தடம் பார்த்து வழிகாட்ட அந்த விவசாயியைக் கூப்பிட்டார்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே தெரிந்தால்தான் அந்த மனுஷன் எங்களோடு நடந்த நடையின் அருமை புரியும். அந்தக் கம்பியைக் கட்டியவரே அவர்தான்.

மரவள்ளிக் கொல்லையைப் பன்றி தோண்டிப் போடும். அதைப் பிடிக்க பைக் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டு வேலியோரம் வைப்பார்கள். குற்றம் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நாவல்காய் சிவக்கத் தொடங்கியதும் சுருக்குகளை எல்லாம் அவிழ்த்துவிட வேண்டும். பழம் கறுத்தால் பன்றி வருகிற தடத்திலேயே கரடியும் இறங்கும். அந்த வருஷம் கோடை மழை முந்திக்கொண்டது, பழமும் பதினைந்து நாள் முந்திக்கொண்டது. ஆனி பிறக்கட்டும், அவிழ்க்கலாம் என்று அவர் இருந்துவிட்டார். மரத்தைப் பார்த்தே மாசத்தைச் சொல்கிறவர் அந்த ஒரு வருஷம் காலண்டரைப் பார்த்துக் கெட்டார்.

கம்பி வைத்தவன் கிடைத்தால் ஜெயில்தான் என்று ரேஞ்சர் ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பழக்காலத்தில் ஆண் உள்ளே போனால் அந்த வீட்டின் வருஷமே போயிற்று. நானாக இருந்தால் மூன்று நாளும் எல்லோரையும் எதிர்த் திசையில் கூட்டிப்போய் வேர்க்க விட்டிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

முதல் நாள், பழம் காய்த்துத் தொங்குகிற பெரிய மரங்களுக்குப் போகலாம் என்றார் ரேஞ்சர். விவசாயி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“மூணு கால வச்சிக்கினு மரம் ஏறாதுங்க. கொரங்கு எங்க தின்னு சிந்துதோ, அந்த மரத்தடிக்குத்தான் வரும்” என்றார்.

அதற்கப்புறம் அவர் கண்ணால் தேடியதைவிடக் காதால் தேடியதுதான் அதிகம். குரங்குச் சத்தம் கேட்கிற பக்கம் நடப்பார், நிற்பார், குனிந்து கரடியின் சாணத்தைக் குச்சியால் கிளறுவார். அதில் நாவல் கொட்டை எத்தனை, பழைய இலந்தைக் கொட்டை எத்தனை என்று பார்த்து, இது நேற்று ஓடைக்கு மேலே தின்றது என்பார். ஒரு கறையான் புற்றைக் காட்டினார். தோண்டிய கீறல் எல்லாம் வலது கையினுடையது, இடது பக்கம் மண் அப்படியே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினோரு வருஷமாக அதே காட்டுக்குள் வண்டி ஓட்டுகிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளம் மேடுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம், ஈரமண்ணில் மூன்று காலடியும் ஓர் இழுப்பும் பதிந்திருந்த இடத்தில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த இழுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். “இன்னாணா, அதுக்குள்ள முட்டி வுட்டுடுச்சா?” என்று கிண்டல் பண்ணினேன். அந்தக் கிண்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வெயில் சாய்கிற நேரத்தில் கரடியைப் பார்த்தோம். அவர் சொன்னபடியே ஓடையோரம் ஒரு மரத்தில் குரங்குகள் பழத்தை உதறிக்கொண்டிருந்தன. கீழே அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. உதட்டை நீட்டி ஒவ்வொரு பழமாக உறிஞ்சியது. அடிபட்ட கையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தது. வலியிலும் அதற்கு அவசரம் இல்லை, ஒரு மிடுக்கு இருந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பாறைக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர். டாக்டரம்மா துப்பாக்கியைத் தூக்கினார், பிறகு இறக்கினார். ஊசி பட்டதும் அது விழாது, பத்து நிமிஷமாவது ஓடும் என்று ரேஞ்சரிடம் தணிந்த குரலில் சொன்னார். அறுந்த கம்பி நீளமாகத் தொங்கினால் ஓடுகிற வேகத்தில் புதரில் சிக்கும், கையே பிய்ந்துபோகும். புல்லுக்குள் நீளம் தெரியவில்லை. கீழேயிருந்து கூண்டு வரவழைக்கலாம் என்றால் நான்கைந்து நாள் ஆகும், புண் அதுவரை தாங்காது.

“எவ்ளோ கம்பி தொங்குதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார் டாக்டரம்மா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

விவசாயி சொன்னார்: “ஒரு சாண்தாம்மா இருக்கும். சிக்காது. சுடுங்க.”

ரேஞ்சர் திரும்பினார். “ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“மீதிக் கம்பி என் வூட்ல கீதுங்க.”

குரங்குகள் கத்திக்கொண்டே இருந்தன. டாக்டரம்மா அவரை ஒரு தரம் பார்த்தார். மறுபடி துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார்.

கரடி ஓடையைத் தாண்டி, முள்ளுக்குள் புகுந்து, எங்கும் சிக்காமல் ஓடியது. சரிவில் சாய்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். சரியாக ஒரு சாண். டாக்டரம்மா கம்பியை வெட்டிப் புண்ணைக் கழுவுகிறவரை விவசாயி தன் துண்டை நனைத்து அதன் கண்களை மூடிப் பிடித்திருந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. தெளிய ஊசி போட்டுவிட்டுத் தள்ளி நின்றோம். அது எழுந்தது, தடுமாறியது, புதருக்குள் போயிற்று.

ரேஞ்சர் கோபக்காரர்தான், ஆனால் அன்று அவர் சத்தம் போடவில்லை. ஆபீசுக்கு வரவேண்டும், வாக்குமூலம் எழுதவேண்டும், போகிற வழியில் வீட்டில் சொல்லிவிட்டு வா என்றார். அவரும் டாக்டரம்மாவும் இன்னொரு வண்டியில் முன்னால் போய்விட்டார்கள். ஜீப்பில் நானும் விவசாயியும் மட்டும். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“வாய மூடிக்கினு இருந்திருக்கலாமே அண்ணா. யாருக்குத் தெரியப் போவுது?”

“அந்தம்மா கேட்டாங்க இல்ல” என்றார். அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் உள்ளே போனார். அழுகை, சண்டை ஏதாவது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி மட்டும் வெளியே வந்தார். கையில் ஒரு சிமெண்ட் சாக்கு. அவிழ்த்துப் பரணில் ஒளித்து வைத்த சுருக்குகள், அறுந்ததின் மீதி, எல்லாம் அதில் இருந்தன. சாக்கைப் பின்சீட்டில் வைத்தார்.

“இதையும் எடுத்துக்குனு போங்க. ஒன்னு வுடாம போட்டுட்டேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “கரடி பொழச்சிக்குமாங்க?” என்று கேட்டார்.

பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

“மூணு நாளா அவுரு சோறு துன்னல. இன்னிக்குத் துன்னட்டும். துன்னுட்டு வருவாரு, கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு அந்தம்மா உள்ளே போனார்.

நான் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.